விட்பியில் நின்ற ஆண் செடி

வோபர்ன், ஸ்காபரோ, ரொறன்ரோ.
நவம்பர், வெள்ளிக்கிழமை.

அட்சயாவின் அப்பா அறியக் குணவதி எழுதிக்கொள்வது.

முழங்கால் இரண்டையும் தவிர்த்து இங்கே எல்லாம் சுகம். உங்கள் சுகத்தை உங்கள் கொம்பனி பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் அனுப்பியது செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. அதைக் கடிதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலே கொம்பனியின் பச்சை இலைச் சின்னம். கீழே விநாயகமூர்த்தி என்று உங்கள் பெயர், அதற்குக் கீழே 'மூத்த இனவிருத்தியாளர்' என்று ஒரு பட்டம். நடுவில் முழுக்க ஆங்கிலம். கலியாணம் கட்டிய நாளிலிருந்து என்னோடு ஆங்கிலத்தில் ஒரு சண்டைகூடப் பிடிக்காத மனிதர், இப்போது 'மதிப்புக்குரிய குணவதி' என்று தொடங்கி 'தங்கள் உண்மையுள்ள' என்று முடிக்கிறீர்கள். உங்கள் மனேச்சர் றோய் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நீங்கள் தட்டியிருக்கிறீர்கள் என்பது முதல் வரியிலேயே விளங்கிவிட்டது. கடைக்குப் போய் என்ன வாங்க வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதத் தெரியாதவர் நீங்கள்.

நான் போன் எடுக்காமல் கையால் எழுதுவதற்குக் காரணமும் அந்த றோய்தான். நான் 'ஹலோ' சொன்னவுடன் நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். பக்கத்தில் அவர் மூச்சு விடுகிற சத்தம் எனக்கு இங்கே கேட்கிறது. தமிழ் விளங்காத ஒருவர் என் தமிழை உட்கார்ந்து கேட்பதில் அவருக்கு என்ன சுகமோ தெரியாது. இந்தக் கடிதத்தை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்வதென்றால் ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள். முக்கியமாக, அவர் ஒரு மடையன் என்று நான் எழுதியிருப்பதைச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டது எனக்கு விளங்கியது. இந்த வருடம் என் பின்வளவில் பழுத்த ஆபிரிக்கக் கஞ்சாச் செடியின் விதை வேண்டும். எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேண்டும். டிசம்பர் நத்தாருக்கு முன் அங்கே கிடைக்க வேண்டும். என் பெயரையும் கொம்பனி விற்கிற பக்கெற்றில் போடுவதைப் பற்றி 'பரிசீலிக்கலாம்' என்று றோய் சொல்கிறாராம். பெரிய மனது.

அந்தப் பக்கெற் ஒன்றை நான் பார்த்தேன். போன மாதம் அட்சயா கடையில் வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். நீங்கள் பனடோல் போத்தலில் போட்டுக் கொண்டுபோன எங்கள் விதையிலிருந்து வந்ததுதானே அது. மலாவி நாட்டில், ஏரிக்கரை மலையடிவாரத்தில், யாரும் கலக்காமல் அந்த மண்ணும் வெயிலும் தாங்களாகவே பொறுக்கி வளர்த்த நாட்டு இனம். அதற்கு உங்கள் ஆட்கள் பிறந்தநாள் கேக்குக்கு வைப்பது போல ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கெற்றின் பின்பக்கம் 'ஆபிரிக்காவின் ஆன்மா' என்று ஆங்கிலத்தில் போட்டு, ஒரு சிங்கத்தின் படமும் போட்டிருக்கிறார்கள். சிங்கம் எந்தக் காலத்தில் கஞ்சா தின்றது என்று தெரியவில்லை. திறந்து முகர்ந்தேன். வனிலா மணக்கிறது. பச்சை மாங்காயும் கற்பூரமும் சேர்ந்தாற்போல எங்கள் வளவு முழுக்க நின்ற அந்த மணம் எங்கே போனது?

போன இடம் எனக்குத் தெரியும். கட்டை இனத்தோடு ஒருமுறை கலந்தது போதாது என்று, திரும்பவும் கட்டையோடு, அதற்கு மேலும் கட்டையோடு கலந்திருக்கிறார்கள். சீக்கிரம் பூக்க வேண்டும், குட்டையாய் நிற்க வேண்டும், கண்ணாடிக் கூடாரத்தில் வருடத்துக்கு ஐந்து தரம் வெட்ட வேண்டும். இப்படிச் செய்து கடைசியில் ஆபிரிக்கா என்று மிஞ்சியிருப்பது அந்தச் சிங்கம் மட்டும்தான். நியாயமாய்ச் சொல்ல வேண்டும் என்பதற்காக அதை ஆவிக்குழாயில் போட்டு இரண்டு இழுவை இழுத்தும் பார்த்தேன். நான் வருடத்தில் இரண்டொரு தரம், இனத்தைப் பரிசோதிக்க மட்டும் இதைத் தொடுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். சோபாவில் வாயைத் திறந்தபடி நித்திரையாகிப் போனேன். அடுப்பில் பால் பொங்கி, வற்றி, கருகி, அட்சயா ஓடிவந்து நிறுத்தினாள். எங்களுடைய செடி அப்படியா? போன வருடத்து மலாவியை இழுத்துவிட்டு நான் அரிசி அலுமாரியைக் கழுவித் துடைத்தேன், பேஸ்மன்றைக் கூட்டினேன், பிறகு உங்கள் தங்கை ஜெயமலருக்குப் போன் பண்ணி அரைமணித்தியாலம் சிரித்துப் பேசினேன். அவ்வளவு வலுவான சாமான் அது.

ஜெயமலரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அதற்கு முன் செடிச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் போன பிறகு தொடங்கியது என்பதால் உங்களுக்கு அது தெரியாது.

இந்த மாகாணத்துச் சட்டப்படி ஒரு வீட்டுக்கு நாலு செடிதான். ஆள் எத்தனை இருந்தாலும் நாலுதான். நாலு செடியை வைத்துக்கொண்டு இனம் பிரிக்கிறது என்பது நாலு பேரைப் பார்த்து மாப்பிள்ளை முடிவு செய்வது போல. நாற்பது செடியை நிறுத்திப் பார்த்தால்தான் எது ஆபிரிக்காவின் விரல் போன்ற இலையோடு வருகிறது, எது பனிக்கு முன் பழுக்கிறது என்று தெரியும். முதல் வருடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிறம்ரன் வெயார்ஹவுசில் உங்களோடு வேலை செய்த எட்வேட் தன் நாட்டு விதை என்று தந்ததைக் கலக்காமல் அப்படியே நட்டோம். செடி கூரையின் மழைநீர்ப் பீலியைத் தொட்டது. ஒக்டோபர் வந்தும் அது தன்னை மலாவியில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டு நிதானமாகப் பூக்கத் தொடங்கியது. ஒரே பனியில் கறுத்துச் செத்தது. நீங்கள் பின்படியில் இருந்து அழுதீர்கள். இந்த ஊரின் சீக்கிரத்தையும் அந்த ஊரின் குணத்தையும் ஒரே செடியில் கொண்டுவர வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னதும் நீங்கள்தான். முதல் கலப்பு விதை வந்த உடனேயே 'போதும், இது விலைபோகும்' என்று சொன்னதும் நீங்கள்தான். நான் போதாது என்றேன். கலப்பைத் திரும்பத் திரும்ப ஆபிரிக்கச் செடியோடு சேர்த்து, அதில் சீக்கிரம் பழுக்கிறதை மட்டும் பொறுக்க வேண்டும் என்றேன். அதற்குப் பொறுமை வேண்டும். உங்களுக்கு ஆறு மாதத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போகத்தான் பொறுமை இருந்தது. அந்த ஆறு மாதம் இப்போது நாலாவது குளிர்காலத்தில் நிற்கிறது.

சரி, சீட்டுக்கு வருகிறேன். எங்கள் ஆட்களுக்கு உருப்படியாக நடத்தத் தெரிந்த ஒரே காரியம் சீட்டு. அதனால் செடியிலும் சீட்டுப் பிடித்தேன். பத்து வீடு, வீட்டுக்கு நாலு செடி. மே மாதம் நான் முளைக்கவைத்துக் கன்றாகக் கொடுப்பேன். அவரவர் வளவில் அவரவர் வளர்க்க வேண்டும். கணுவில் வெள்ளை மயிர் வந்தால் பெண், சின்ன உருண்டை தொங்கினால் ஆண். ஆணைக் கண்டால் அன்றைக்கே வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மகரந்தம் பறந்து எல்லாப் பெண்ணையும் கண்டபடி காய்க்கவைத்துவிடும். சேர்ப்பதற்கு ஆண் என் வளவில் ஒன்று நிற்கும், அதை நான் பார்த்துக்கொள்வேன். இவ்வளவுதான் சட்டம். இதைக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லி, எல்லோருக்கும் வடையும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினேன்.

வடையை ஒழுங்காகத் தின்றார்கள். மற்றதெல்லாம் தங்கள் பாட்டுக்குச் செய்தார்கள்.

பிறம்ரன் ஏகாம்பரத்தை உங்களுக்குத் தெரியும், தமிழ்நாட்டு ஆள், கம்பியூட்டர் வேலை. "டேட்டா இல்லாம எதையும் முடிவு பண்ணக் கூடாது மேடம்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். நாலு செடிக்கும் நாலு கமரா பூட்டினார். மண்ணில் ஒரு கம்பியைச் செருகி, செடிக்குத் தாகமா என்று போனிடம் கேட்டார். ஆபிரிக்க இனத்துக்கு இரவு இரவாக இருக்க வேண்டும், சின்ன வெளிச்சம் பட்டாலும் குழம்பிப்போகும் என்று நான் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டவர், இரவில் செடி என்ன செய்கிறது என்று படமெடுப்பதற்காக ஒரு லைற்றும் போட்டார். செடி குழம்பி, ஒரே கொப்பில் ஆண் பூவும் பெண் பூவுமாகப் பூத்தது. எனக்குப் படம் அனுப்பி, இது புது இனமா என்று கேட்டார். அர்த்தநாரீசுவரர், கும்பிட்டுவிட்டு வெட்டுங்கள் என்று பதில் போட்டேன். அவர் கும்பிடவும் இல்லை, வெட்டவும் இல்லை, வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். அவரைச் சீட்டிலிருந்து நிறுத்திவிட்டேன்.

இனி உங்கள் தங்கை. விட்பியில் புதுவீடு வாங்கியதிலிருந்து அவரைப் பிடிக்க முடியாது. பின்வளவில் ஒரு மரம் இல்லை, நிழல் இல்லை, வெயிலுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்பதால்தான் நாலு கன்று கொடுத்தேன். ஓகஸ்ட் நடுவில் போன் வந்தது. "மச்சாள், பெட்டையள் ரெண்டையும் வெட்டிப்போட்டன். பெடியள் ரெண்டு பேரும் சோக்காய் நிக்கினம், வந்து பாருங்கோ" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பெண் செடியை வெட்டிவிட்டு ஆணை வைத்திருக்கிறார் என்று விளங்கியவுடன் போனை வைத்துவிட்டேன்.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கோ ரெயினில் விட்பிக்குப் போனேன். அங்கே பார்த்த காட்சியை நீங்களும் பார்த்திருக்க வேண்டும். ஆண் செடி இரண்டையும் பெரிய சாடிக்கு மாற்றி, வீட்டின் நல்ல வெயில் மூலையில் வைத்து, மீன் கழுவிய தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறார். கண்ணூறு படாமல் இருக்க அடித்தண்டில் கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறார். நான் சொன்னது ஆண்களை வெட்டச் சொல்லி அல்லவா என்று கேட்டேன். "நீங்கள் பிழையாய்ச் சொல்லிப்போட்டியள் எண்டு நினைச்சன் மச்சாள். ஆர் ஆம்பிளைப் பிள்ளையளை வெட்டச் சொல்லுவினம்?" என்றார். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. என் பிழையைத் தான் திருத்திவிட்டதாக அவருக்கு ஒரு சந்தோசம் வேறு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கறுப்புக் கயிற்றை அவருடைய கழுத்தில் கட்டியிருப்பேன். வெட்டிய பெண் செடிகள் இரண்டும் வேலியோரம் காய்ந்துபோய்க் கிடந்தன. இலையைப் பார்த்தாலே தெரிந்தது, மெல்லிய விரல் விரலாக, சுத்தமான மலாவி. இதே ஜெயமலர்தான் அட்சயா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து, "பரவாயில்லை மச்சாள், அடுத்தது பெடியனாய் வரும்" என்று சொன்னவர். நீங்கள் பக்கத்தில் கோப்பிப் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். வாய் திறக்கவில்லை. அண்ணன் வாய் திறக்காதபோது தங்கை செடியில் வந்து அதையே செய்தால் நான் ஏன் அதிசயப்பட வேண்டும்?

கத்தரிக்கோலோடு போனவள் வெட்டிவிட்டுத்தான் திரும்பியிருக்க வேண்டும். முதல் செடியை வெட்டினேன். இரண்டாவதை வெட்டத் தண்டைப் பிடித்தேன். கையில் மணம் ஒட்டியது. ஆண் செடியில் பூ மணக்காது, தண்டைத் தேய்த்துத்தான் குணம் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஒரு காலத்தில் நீங்கள் அதில் கெட்டிக்காரர். பச்சை மாங்காய், அதற்குப் பின்னால் கற்பூரம். எட்வேட் தந்த முதல் விதையில் வந்த அதே மணம். ஓகஸ்ட் நடுவிலேயே அது முழுதாகப் பூத்து மகரந்தத் தூள் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் அண்ணன் என் வளவில் அப்போதுதான் பூக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். குணம் ஆபிரிக்கா, அவசரம் ரொறன்ரோ. இத்தனை வருடம் நான் தேடிய ஆண் அது, உங்கள் தங்கையின் வீட்டு வெயில் மூலையில், கறுப்புக் கயிற்றோடு நிற்கிறது.

என் சட்டத்தின்படி நடந்திருந்தால் அதை ஜூலையிலேயே வெட்டி எறிந்திருப்பார்கள். இதற்கு முந்திய வருடங்களில் மற்ற வீடுகளில் எத்தனையை அப்படி எறிந்தோமோ தெரியாது. இதை நான் உங்கள் தங்கையிடம் சொல்லவில்லை. சொன்னால் விட்பி முழுவதும் கேட்கும். உங்களிடமும் சொல்ல விரும்பவில்லை, ஆனால் விதை எப்படி வந்தது என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள், அதற்கு இதுதான் விடை. பைத்தியக்காரத்தனத்திலும் ஒரு கைராசி இருக்கும் போலிருக்கிறது. அது உங்கள் குடும்பத்துக்கு நிறையவே இருக்கிறது.

தூளைத் தட்டிக் கடதாசியில் எடுத்து, கோயிலில் விபூதி மடிப்பது போல மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டு ரெயின் ஏறினேன். என் வளவில் நின்ற நாலில் ஒரு பெண் செடி முந்திப் பூத்திருந்தது. அதன் கீழ்க் கொப்பு இரண்டில் மட்டும் தூளைத் தடவினேன். அந்தச் செடி, சொல்லத்தான் வேண்டும், நான் இதுவரை வளர்த்ததில் எல்லாவற்றையும்விட நன்றாக நின்றது. வேலிக்கு மேலே தலையை நீட்டி அடுத்த வீட்டு மனிதரைப் பார்த்துக்கொண்டே நின்றது. முதல் உறைபனி வருவதற்கு முன்னமே, ஒக்டோபர் நன்றிநவிலல் விடுமுறை வாரத்தில் பழுத்துவிட்டது. மூடவில்லை, உள்ளே இழுக்கவில்லை, ஒரு போர்வைகூடப் போடவில்லை. இந்த ஊரில், வெளியில், அந்த இனம் முதல் முதலாகத் தன் பாட்டுக்குப் பழுத்தது.

எட்வேட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த மனிதரைப் பற்றி நான் ஒருநாளும் குறைவாகச் சொன்னதில்லை. பூவை முகர்ந்துவிட்டுத் திரும்பவும் முகர்ந்தார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார். தண்ணீரைக் குடித்துவிட்டு, விநாயகம் இதைப் பார்த்தானா என்று கேட்டார். நீங்கள் 'மூத்த இனவிருத்தியாளர்' ஆகிவிட்டதால் உங்களுக்கு நேரமில்லை என்று சொன்னேன். பிறகு அவர்தான் உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்க வேண்டும்.

கீழ்க் கொப்பு இரண்டிலும் காய்த்த விதை ஒரு தேக்கரண்டி அளவு வரும். கறுப்பு வரி போட்ட, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய விதை. தாயும் சீக்கிரம், தகப்பனும் சீக்கிரம், இரண்டும் ஆபிரிக்கக் குணம். அவற்றின் பிள்ளைகள் எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த மே மாதம் நட்டு, அடுத்த ஒக்டோபர் வரை பார்த்தால்தான் தெரியும். உங்கள் கடிதத்தில் இதை 'உறுதிப்படுத்தப்பட்ட இனம்' என்று றோய் எழுதவைத்திருக்கிறார். நட்டுக்கூடப் பார்க்காத விதையை அங்கே இருந்துகொண்டு உறுதிப்படுத்துகிற மனிதரிடம் நீங்கள் எப்படி வேலை செய்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு விடை எனக்கு இப்போது தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை, உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முந்தி, விட்பிக்குப் போயிருந்தேன். பழுத்ததில் ஒரு போத்தல் கொடுத்துவரலாம் என்றுதான் போனேன். என்ன இருந்தாலும் ஆண் அவர் வீட்டில் நின்றது. ஜெயமலர் குசினியில் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். வெங்காயத்துக்கு அழுகிறார் என்று முதலில் நினைத்தேன். "அண்ணையை வருசம் பிறக்க வேலையால நிப்பாட்டப் போறாங்களாம் மச்சாள். புதுசாய் ஒரு இனம் கொண்டுவந்தால் வைச்சிருப்பாங்களாம், இல்லாட்டி அவ்வளவுதானாம். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவர்" என்றார்.

வீட்டுக்கு வந்து, நீங்களே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை தபால்பெட்டியில் உங்கள் கையெழுத்து இருந்த உறையைக் கண்டபோது, சரி, மனிதர் கடைசியில் எழுதிவிட்டார் என்று நினைத்தேன். தேத்தண்ணி வைத்துக்கொண்டு, ஆறுதலாக இருந்து படிக்க வேண்டும் என்று உறையைத் திறந்தேன். உள்ளே பச்சை இலையும் 'மதிப்புக்குரிய குணவதி'யும். தேத்தண்ணியைச் சிங்கில் ஊற்றினேன்.

தங்கையிடம் அழலாம், என்னிடம் கொம்பனிக் கடதாசியில்தான் பேச வேண்டுமா? உங்களை வேண்டாம் என்று சொல்லப் போகிறார்கள் என்பதை நான் அறிந்தால் சிரிப்பேன் என்று நினைத்தீர்களாக்கும். சிரித்திருப்பேன்தான். முழுதாக ஒரு கிழமை சிரித்திருப்பேன். அதற்குப் பிறகு என்ன செய்திருப்பேன் என்று முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்த உங்களுக்குத் தெரியாதா?

புதன்கிழமை விதையை எடுத்து ஒரு சின்ன உறையில் போட்டு, உங்கள் விலாசத்தை எழுதி, மருந்துக்கடைக்குள் இருக்கிற தபால் கவுண்டருக்குக் கொண்டுபோனேன். முழுவதையும்தான். எனக்கென்று ஒன்றும் வைக்கவில்லை. உங்கள் வேலை நிலைக்கும் என்றால் நிலைக்கட்டும், இன்னொரு வனிலாக் கேக் ஆக்குவார்கள், ஆக்கட்டும் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். கவுண்டரில் நின்ற பெண் என்னைக் கூப்பிட்டபோது, முத்திரை வேண்டாம், மறந்துபோனேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் தரிப்பில் இருந்தேன். இரண்டு பஸ்சைப் போகவிட்டேன். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விதை இப்போது குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. அதை அனுப்ப மாட்டேன். றோய்க்கு என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். உங்கள் பெண்சாதி கிழட்டுப் பிடிவாதக்காரி என்று சொல்லுங்கள், பொறாமைக்காரி என்று சொல்லுங்கள், உலகத்துக்கு நல்ல கஞ்சா கிடைக்கக் கூடாது என்று நினைக்கிறவள் என்று சொல்லுங்கள். அவருக்கு நான் பயந்தவள் இல்லை.

உங்களுக்குச் சொல்கிற காரணம் வேறு. இந்த விதை அங்கே வந்தால் அவர்கள் உங்களை வைத்திருப்பார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம், அதற்குப் பிறகும் ஏதாவது சொல்லி வைத்திருப்பார்கள். அதனால்தான் அனுப்பவில்லை.

வருகிறபோது வெறுங்கையோடு வந்தால் போதும். பட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். வழியில் பனி கொட்டும், தடித்த கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். நல்லூர்க் கந்தன் உங்களை ஒரு குறையும் இல்லாமல் வீட்டில் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள்
குணவதி